துரோகத்தின் நாளில் நீதியுள்ள தேவன்

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: 2 சாமுவேல் 15 முதல் 19 வரை, சங்கீதம் 3, 41, 55



இந்த இதழின் வேதபாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கசப்பான பகுதி. நம்பியிருந்த மனிதனே நமக்கு விரோதமாக எழும்பும்போது, நீதிக்காக நாம் எங்கே போவது? தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அல்லது நாமே பழிவாங்கப் புறப்படுவதா?

இந்தப் பாடத்தை நாங்கள் வேதத்தை வாசித்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருத்துவமனையில் நடந்த ஒரு காரியத்தின் மூலமாகவும் கற்றோம். அது உங்கள் காணிக்கையைச் சேர்ந்த காரியம் ஆனபடியால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம். அப்போதே நம் ஆதரவாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். பின்னர் நம்மோடு சேர்ந்தவர்களும் அறிவது நல்லது.

கணக்குப் பிரிவில் பல வருடங்கள் எங்களோடு உழைத்த சகோதரர் ஒருவர் இருந்தார். காலை ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். மாலையில் வார்டுகளுக்குப் போய் நோயாளிகளின் கட்டிலருகே ஜெபிப்பார். எங்கள் வீட்டுத் திருமணங்களில் முன்நின்று பந்தி பரிமாறியவர். ஏழை நோயாளிகள் நிதியின் பதிவேடு அவர் கையில்தான் இருந்தது.

ஒரு நாள் வயதான தாய் ஒருவர் மறுபரிசோதனைக்கு வந்தார். அவருடைய பழைய கணக்கைப் பார்த்த செவிலியர், "பாட்டி, போன தடவை உங்க பில் முழுக்க ஏழைகள் நிதியிலேயே கழிச்சிருக்காங்க. இந்தத் தடவையும் எழுதித் தரச் சொல்லவா?" என்று கேட்டார். அந்தத் தாய் ஒன்றும் புரியாமல் விழித்தார். "இல்லையே தாயி, ரெண்டு ஆட்டை வித்துல்ல அந்தப் பணத்தைக் கட்டினேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. நோயாளிகளிடம் ரொக்கமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதே பில்லை ஏழைகள் நிதியில் கழித்ததாக எழுதி, ரொக்கத்தை எடுத்துக்கொள்வது பல மாதங்களாக நடந்திருந்தது. நோயாளிக்குக் கொடுத்த ரசீதில் ஒரு எழுத்தும், அதன் அடிக்கட்டையில் வேறு எழுத்தும் இருந்தன. நீங்கள் கொடுத்ததும் போயிற்று. ஏழைகள் ஆட்டை விற்றுக் கட்டியதும் போயிற்று.

அந்த வாரத்துக் காலை ஜெபத்தில் யாருக்கும் பாட வாய் வரவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் வேதத்தைத் திறந்து 2 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை வாசித்தார். பின்வரும் குறிப்புகள் அன்று தொடங்கிய தியானத்தின் பலன்.

1. துரோகி தூரத்திலிருந்து வருவதில்லை

தாவீதின் ஆலோசனைக்காரனாகிய அகித்தோப்பேல் யூதாவின் மலைநாட்டிலுள்ள கீலோ என்னும் ஊரைச் சேர்ந்தவன். அவன் சொல்லும் ஆலோசனை தேவனிடத்தில் கேட்டறிந்த வாக்கைப்போல மதிக்கப்பட்டது என்று 2 சாமுவேல் 16:23 கூறுகிறது. அப்படிப்பட்டவனை அப்சலோம் ஆள் அனுப்பி அழைத்தான்; அவனும் போய்ச் சேர்ந்துகொண்டான் (15:12). அப்சலோம் தாவீதின் சொந்த மகன். வழக்கோடு அரண்மனைக்கு வந்தவர்களை ஒலிமுகவாசலின் வழியோரத்தில் நிறுத்தி, இனிமையாகப் பேசி, அவர்கள் இருதயத்தைக் கவர்ந்துகொண்டவன். நீதி கிடைக்கவில்லை என்ற குறையைச் சொல்லிச் சொல்லியே அநீதிக்கு ஆள் சேர்த்தான்.

41-ஆம் சங்கீதத்தில் தன் அப்பத்தைப் புசித்த நண்பனைக் குறித்தும், 55-ஆம் சங்கீதத்தில் தன்னோடு தேவாலயத்துக்குக் கூடிப்போன தோழனைக் குறித்தும் தாவீது புலம்புகிறான். இவற்றில் அகித்தோப்பேலின் பெயர் இல்லை. ஆயினும் வேத அறிஞர் பலர் அவனையே நினைவுகூருகிறார்கள். சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன் என்பதே அந்தப் புலம்பலின் கருத்து. வெளியாள் வீசும் கல் உடம்பில் படும். கூட இருந்தவன் வீசும் கல், கடந்துபோன நல்ல நாட்களையும் சேர்த்து உடைத்துவிடும். "அவர் ஜெபித்ததெல்லாம் பொய்தானா? வார்டில் அழுததும் நடிப்புத்தானா?" என்று எங்கள் செவிலியர் ஒருவர் கேட்டபோது எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வேதனையை விசுவாசக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். தாவீது அதை மறைக்கவில்லை. வஞ்சகர்மேல் மரணம் வரட்டும் என்றுகூட 55-ஆம் சங்கீதத்தில் கேட்கிறான். கேட்கத் தகாத வார்த்தை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதை அவன் தேவனிடத்தில் சொன்னான் என்பதைக் கவனியுங்கள். தேவ சமுகத்தில் கொட்டப்படும் கோபத்தைத் தேவன் ஏற்றுத் திருத்துவார். வராந்தாவில் கொட்டப்படும் கோபம் ஊரெங்கும் பரவும்.

2. ஒரு சிறிய ஜெபம்

தாவீது எருசலேமைவிட்டு ஓடுகிறான். கீதரோன் ஆற்றைக் கடந்து, தலையை மூடி, வெறுங்காலால் அழுதுகொண்டே ஒலிவமலையின்மேல் ஏறுகிறான். அந்த ஏற்றத்தில்தான் அகித்தோப்பேலும் சதிகாரரோடு இருக்கிறான் என்ற செய்தி வருகிறது. அவன் ஜெபிக்கிறான். அது நீண்ட ஜெபம் அல்ல. அகித்தோப்பேலின் ஆலோசனை பைத்தியமாகப் போகும்படி கர்த்தரிடத்தில் ஒரே வரியில் கேட்கிறான் (15:31). அகித்தோப்பேலின் உயிரைக் கேட்கவில்லை. அவனுடைய கெட்ட யோசனை பலிக்காமல் போக வேண்டும் என்றே கேட்கிறான்.

மலையின் உச்சிக்கு வந்து தேவனைப் பணிந்துகொண்டபோது அர்கியனாகிய ஊசாய் எதிரே வந்து நிற்கிறான். ஜெபம் 31-ஆம் வசனத்தில்; ஜெபத்தின் பதில் நடந்து வருவது 32-ஆம் வசனத்தில். தாவீது அவனைப் பட்டணத்துக்கே திருப்பி அனுப்புகிறான். சாதோக், அபியத்தார் என்னும் ஆசாரியரையும், செய்தி கொண்டுவர அவர்களுடைய குமாரரையும் ஏற்படுத்துகிறான். ஜெபித்தவன் மரத்தடியில் உட்கார்ந்துவிடவில்லை. தன் கைக்கு எட்டிய காரியங்களைச் செய்தான். ஊசாய் பின்னர் அப்சலோமிடம் பேசிய தந்திரப் பேச்சை நாமும் பேசும்படி வேதம் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் ஜெபமும் முயற்சியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை இங்கே தெளிவாகக் காண்கிறோம்.

அன்றிரவே 12,000 பேரோடு துரத்திப்போய், களைத்திருக்கும் ராஜாவை மட்டும் வெட்டிவிடலாம் என்பது அகித்தோப்பேலின் ஆலோசனை. போர்முறையின்படி அது சரியான யோசனை. ஊசாயோ, தாண் முதல் பெயெர்செபாமட்டும் உள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தாமதத்துக்கு வழி சொன்னான். அப்சலோமுக்கு அதுவே இனித்தது. ஏன்? நல்ல ஆலோசனையை அவமாக்கக் கர்த்தரே கட்டளையிட்டிருந்தார் என்று 17:14 திரையை விலக்கிக் காட்டுகிறது. இந்த 5 அதிகாரங்களிலும் வானத்திலிருந்து இடியும் இல்லை, தூதனும் இல்லை. ஒரு வேலைக்காரி கொண்டுபோன செய்தி, பகூரிமில் ஒரு பெண் கிணற்றின்மேல் விரித்த பாயும் அதன்மேல் பரப்பின தானியமும், இவற்றைக் கொண்டே தேவன் காரியத்தை நடத்தினார். பொழுது விடியுமுன் தாவீதோடிருந்த அனைவரும் யோர்தானைக் கடந்திருந்தார்கள்.

எங்கள் காரியத்திலும் தணிக்கையாளர் கண்டுபிடிக்காததை ஒரு கிழவியின் வாய்ச்சொல் வெளிப்படுத்திற்று. ஆடு விற்ற அந்த ஏழைத் தாயைத் தேவன் எங்களுக்குத் தணிக்கையாளராக அனுப்பினார் என்றே நம்புகிறோம்.

3. தன் பாவத்தை மறவாதவன்

அகித்தோப்பேல் ஏன் மாறினான்? வேதம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். பத்சேபாள் எலியாமின் குமாரத்தி என்று 11:3 சொல்லுகிறது. எலியாம் கீலோனியனாகிய அகித்தோப்பேலின் குமாரன் என்று 23:34 சொல்லுகிறது. இரண்டு எலியாமும் ஒருவனேயானால், தாவீது கெடுத்தது அகித்தோப்பேலின் பேத்தியின் வாழ்வை. கொல்லுவித்தது அந்தப் பேத்தியின் புருஷனாகிய உரியாவை.

இது அகித்தோப்பேலின் துரோகத்தை நியாயமாக்காது. ஆனால் தாவீதை நியாயாசனத்திலிருந்து இறக்கி நம் பக்கத்தில் உட்காரவைக்கிறது. வழியில் சீமேயி கல்லெறிந்து தூஷித்தபோது, "அவன் தலையை வாங்கட்டுமா" என்னும் பொருளில் அபிசாய் கேட்டான். தாவீது தடுத்துவிட்டான். கர்த்தர் தன் சிறுமையைப் பார்த்து இந்த நிந்தைக்குப் பதிலாக நன்மை செய்யக்கூடும் என்று அவன் நம்பினான். உடன்படிக்கைப் பெட்டியையும் தன்னோடு கொண்டுவர அவன் சம்மதிக்கவில்லை. கர்த்தருக்குப் பிரியமானால் திரும்பி வருவேன். இல்லையேல் அவர் பார்வைக்கு நலமானதைச் செய்யட்டும் என்று அதைத் திருப்பி அனுப்பினான் (15:25, 26). தேவன் தன் பக்கம் இருப்பதாக ஊருக்குக் காட்ட அவன் விரும்பவில்லை. தானே தேவனுடைய பக்கம் இருந்தால் போதும் என்று எண்ணினான்.

நாங்களும் எங்களைச் சோதித்துப் பார்த்தோம். ஒரே ஆள் பணத்தை வாங்கி, ரசீது எழுதி, பதிவேட்டையும் எழுதும்படி விட்டது யார்? நாங்கள்தான். ஜெபிக்கிறவர் என்பதால் சரிபார்க்க வேண்டியதில்லை என்று இருந்தோம். அது அன்பு அல்ல, அசட்டை. பலவீனமான சகோதரன் ஒருவனைச் சோதனையின் வாசலில் காவலின்றி நிறுத்திவிட்டோம். அதற்காகத் தேவனிடத்திலும் உங்களிடத்திலும் மன்னிப்புக் கேட்டோம்.

4. அவசரத் தீர்ப்பு

துரோகத்தால் காயப்பட்டவனுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. எல்லாரையும் சந்தேகிக்கத் தொடங்குவான். சீபா 200 அப்பங்களோடு வந்து, தன் எஜமான் மேவிபோசேத் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டான் என்று சொன்னான். தாவீது விசாரிக்கவில்லை. மேவிபோசேத்தின் நிலம் முழுவதையும் அந்த நிமிஷமே சீபாவுக்குக் கொடுத்தான் (16:1-4). ராஜா திரும்பி வந்தபோது, காலைச் சுத்தம்பண்ணாமல், தாடியைச் சவரம்பண்ணாமல், அத்தனை நாளும் துக்கம் காத்திருந்த மேவிபோசேத் எதிர்கொண்டு வந்தான். இரண்டு காலும் முடமானவனை வேலைக்காரன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அப்போதும் தாவீது முழு நியாயம் செய்யவில்லை. நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னான். மேவிபோசேத்தோ, ராஜா சமாதானமாய் வந்ததே போதும், அவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும் என்றான்.

இந்தப் பகுதியை வாசித்தபோது எங்களுக்கு முகம் வெட்கிப்போயிற்று. முதல் வாரத்தில் நாங்கள் சந்தேகித்தது உண்மையான குற்றவாளியை அல்ல, அதே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணை. விசாரிக்குமுன்பே அவளை வேறு பிரிவுக்கு மாற்றினோம். அவள் அழுதுகொண்டே போனாள். உண்மை தெரிந்தபின், எந்தக் காலை ஜெபத்தில் எல்லாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களோ, அதே ஜெபத்தில் எல்லார் முன்பாகவும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "எங்க அம்மாகிட்டேயும் வந்து சொல்லுங்க சார்" என்று மட்டும் கேட்டாள். போய்ச் சொன்னோம். நமக்கு நீதி வேண்டும் என்று தேவனிடத்தில் கேட்கிறவர்கள், நம்மால் அநீதியடைந்தவர்கள் யாரும் உண்டோ என்று திரும்பிப் பார்ப்பது அவசியம்.

5. கீதரோனைக் கடந்த இன்னொருவர்

ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் கழித்துத் தாவீதின் குமாரனாகிய நம் ஆண்டவர் அதே கீதரோனைக் கடந்து, அதே ஒலிவமலைப் பக்கம் போனார் (யோவான் 18:1). அவருடைய பந்தியில் இருந்தவனும் 30 வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுக்கப் போயிருந்தான். அப்பத்தைப் புசித்தவனைப் பற்றிய 41-ஆம் சங்கீத வாக்கு தமக்கு நிறைவேறுகிறது என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார் (யோவான் 13:18). ஆயினும் அந்த இராத்திரியில் அவன் கால்களையும் கழுவினார். முத்தமிட வந்தபோதும் அவனைச் சிநேகிதன் என்றே அழைத்தார். தாவீது தன் பாவத்தின் விளைவைச் சுமந்துகொண்டு கீதரோனைக் கடந்தான். இயேசுவோ பாவமில்லாதவராய், நம்முடைய துரோகத்தைச் சுமந்துகொண்டு கடந்தார். அவர் பதிலுக்கு வையாமல், நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் என்று 1 பேதுரு 2:23 கூறுகிறது. நீதிக்காகத் தேவனை நம்புவது என்றால் இதுதான்: வழக்கை அவர் கையில் ஒப்புவிப்பது.

6. ஒப்புவிப்பதும் ஓடி ஒளிவதும் ஒன்றல்ல

"போலீசுக்குப் போனால் மருத்துவமனையின் பெயர் கெடும். கிறிஸ்தவர்கள் மன்னிக்க வேண்டாமா? காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம்" என்று எங்களில் சிலர் சொன்னார்கள். ஜெபத்தோடு யோசித்தோம். பழிவாங்குதலைத் தேவனுக்கு விட்டுவிடும்படி ரோமர் 12-ஆம் அதிகாரத்தின் முடிவில் எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரத்தை ஏற்படுத்தினவர் தேவன் என்று எழுதுகிறார். அவரே இராயனுக்கு அபயமிட்டார் (அப்போஸ்தலர் 25:11). நாங்கள் இழந்தது எங்கள் பணமாக இருந்தால் விட்டுவிட எங்களுக்கு உரிமை உண்டு. இது ஏழைகளின் பணம். அவர்கள் சார்பில் மன்னித்துவிட எங்களுக்கு உரிமை ஏது? ஆகவே நிர்வாகக் குழுவுக்கும், தணிக்கையாளருக்கும், காவல்துறைக்கும், உங்களுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினோம்.

அதோடு இன்னொன்றும் செய்தோம். தன் யோசனை தள்ளப்பட்டதைக் கண்ட அகித்தோப்பேல் கழுதைமேல் ஏறி வீட்டுக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தி, நான்றுகொண்டு செத்தான் (17:23). யூதாசும் அப்படியே மாண்டான். அவமானம் தாங்காமல் விஷம் குடித்தவர்களை எங்கள் அவசரப் பிரிவில் பார்த்து வருகிறவர்கள் நாங்கள். ஆகவே காரியம் வெளியான அன்றிரவு அந்தச் சகோதரரைத் தனியாக விடவில்லை. போதகரும் எங்களில் ஒருவரும் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் முன்போலவே நடந்தது. அகித்தோப்பேலின் சாவைக் கேட்டுத் தாவீது மகிழ்ந்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. அப்சலோமின் சாவைக் கேட்டோ, வாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போய்க் கதறினான். தேவ நீதியை நாடுகிறவன் தன் சத்துருவின் அழிவில் இன்பம் தேடமாட்டான்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வந்திருக்கிறது. அந்தச் சகோதரர் எங்களிடம் மனம்விட்டு இன்னும் பேசவில்லை. எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான், அது உண்மையாயிராது. ஆடு விற்ற தாய்க்கும், அடையாளம் காண முடிந்த மற்ற நோயாளிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது பணம் வாங்குகிறவர் ஒருவர், பதிவேடு எழுதுகிறவர் வேறொருவர். நிதியில் கழிக்கப்படும் ஒவ்வொரு பில்லிலும் நோயாளியின் கையொப்பமோ கைநாட்டோ இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சில நோயாளிகளின் வீட்டுக்கே போய் விசாரித்து வருகிறோம்.

7. மக்னாயீமில் காத்திருந்தவர்கள்

எருசலேமிலிருந்து யோர்தானுக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல். 1,000 மீட்டருக்கும் அதிகமான இறக்கம், வனாந்தர வழி. பசித்து, களைத்து, தாகத்தோடு தாவீதும் ஜனங்களும் மக்னாயீமுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே மூவர் காத்திருந்தார்கள்: அம்மோன் தேசத்துச் சோபி, லோதேபார் ஊரானாகிய மாகீர், ரோகிலிம் ஊரானாகிய வயதுசென்ற பர்சிலா. அவர்கள் கொண்டுவந்தவற்றை வேதம் வரிசையாகச் சொல்லுகிறது: படுக்கைகள், கலங்கள், மண்பாண்டங்கள், கோதுமை, வாற்கோதுமை, மாவு, வறுத்த பயறு, தேன், வெண்ணெய், ஆடுகள் (17:27-29). ஒருவன் துரோகம் செய்த அதே நாட்களில், அழைக்கப்படாமலே மூவர் படுக்கையோடும் பாத்திரத்தோடும் வந்தார்கள். தேவன் நீதி செய்கிற விதங்களில் இதுவும் ஒன்று.

நாங்கள் அந்தக் கடிதத்தை அனுப்பியபோது, இனி காணிக்கை நின்றுபோகும் என்றே பயந்தோம். சிலர் நிறுத்தினார்கள், அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அநேகர், ஏழைகள் நிதிக்கு என்று குறிப்பிட்டே முன்னிலும் அதிகமாக அனுப்பினீர்கள். கிராமத்துச் சபை ஒன்றின் பெண்கள் ஐக்கியம் பிடியரிசி சேர்த்து விற்ற பணத்தை அனுப்பியது. அதனோடு வந்த தாளில், "பயப்படாதீங்க" என்ற ஒரே வார்த்தை இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, உங்களில் சிலர் சொந்தச் சகோதரரால் சொத்தை இழந்திருக்கலாம். கூட்டுத்தொழிலில் ஏமாற்றப்பட்டிருக்கலாம். சபைக்குள்ளேயே பொய்ச்சாட்சிக்கு ஆளாகியிருக்கலாம். உங்கள் ஒலிவமலை ஏற்றத்தில் அழுதுகொண்டே நடவுங்கள். ஆனால் நடந்துகொண்டே ஜெபியுங்கள். உச்சியில் ஊசாயும் அக்கரையில் பர்சிலாவும் உங்களுக்காகவும் இருப்பார்கள்.

சிந்திக்கவும் கலந்துபேசவும் சில கேள்விகள்

1. தாவீது அகித்தோப்பேலின் உயிரைக் கேட்காமல், அவன் ஆலோசனை அவமாகும்படி கேட்டதிலிருந்து நம் ஜெபத்துக்கு என்ன கற்றுக்கொள்கிறோம்?
2. நமக்குச் செய்யப்பட்ட தீங்கை மன்னிப்பதற்கும், ஏழைகளுக்குச் செய்யப்பட்ட தீங்கை மறைப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. சீபாவின் பேச்சைக் கேட்டு நாம் தள்ளிவைத்திருக்கும் மேவிபோசேத் யாராவது உண்டா?
4. இன்று யாருக்கு நாம் பர்சிலாவாக இருக்கக்கூடும்?

ஜெபம்

நீதியுள்ள பிதாவே, எங்களைக் காயப்படுத்தினவர்களை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். எங்களால் காயப்பட்டவர்களை எங்களுக்குக் காட்டியருளும். ஏழைகளின் பங்கைக் காத்துக்கொள்ளும். தவறினவர்கள் மனந்திரும்பும் வாசலை அடைத்துவிடாதேயும். காத்திருக்கும் நாட்களில் எங்கள் இருதயம் கசந்துபோகாதபடி காத்தருளும். காட்டிக்கொடுக்கப்பட்ட எங்கள் ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.